டூ பவர் ஜீரோ

கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பது ஒன்றும் பெரிய கம்ப சூத்திரம் இல்லை. குரல் கணீரென்று இருக்க வேண்டும், போர்டில் எழுத்து குண்டு குண்டாக விழ வேண்டும், பதில் தெரியாத கேள்வி வந்தால் கடிகாரத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இந்த மூன்று தகுதியும் எனக்கு உண்டு. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கின் கடைத்தெருவில், தையல் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சென்டர். ஆறு கம்ப்யூட்டர், அதில் நான்கு வேலை செய்யும். பதினான்கு வருடமாக அங்கே நான்தான் 'மேடம்'. நான் படித்தது பி.காம். அதற்கு மேல் இதே சென்டரில் ஒரு வருட டிப்ளமோ. அதாவது இங்கே படித்து இங்கேயே மேடமானவள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்ன சொன்னாரோ அதைத்தான் நானும் சொன்னேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரோ, அவர் என்ன சொன்னாரோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

என்னைப் போலவே அரைகுறையாகத் தெரிந்துகொண்டு முழுச் சத்தத்தில் பாடம் நடத்திப் பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு நாலாவது பாடமாக நாம் எல்லோரும் நடத்துவோமே, 'பவர்' புரோகிராம், அதுதான் விஷயம். ஓர் எண்ணைக் கொடுத்து, அதை எத்தனை முறை அடுக்கிப் பெருக்க வேண்டும் என்று சொன்னால் கம்ப்யூட்டர் பெருக்கி விடை சொல்லும். இரண்டையும் ஐந்தையும் கொடுத்தால், ஐந்து இரண்டுகளைப் பெருக்கி முப்பத்திரண்டு. முதல் வரியில் 'ரிசல்ட்' என்று ஒரு பெயர் வைத்து அதில் 1 என்று போட்டுவிடுவோம். பிறகு சுற்றுக்கு ஒரு பெருக்கல். மொத்தம் ஐந்து வரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த ஐந்து வரியில் நான் பட்டதும், என்னால் இன்னொருவர் பட்டதும்தான் கீழே.

தொப்பிக் குறி

பழனிவேல் அண்ணன் மைன்ஸில் சர்வேயர். ரிட்டயர் ஆக ஒரு வருடம் இருந்தது. வீட்டில் சும்மா உட்காரப் பயந்துகொண்டு, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்த கையோடு மூன்று மணி பேட்சுக்கு வந்துவிடுவார். பவர் பாடம் ஆரம்பித்த அன்று, நான் போர்டில் ஐந்து வரி எழுதி முடிப்பதற்குள் அவரே இரண்டு, தொப்பிக் குறி (^), மூன்று என்று தட்டிவிட்டார். கால்குலேட்டரில் அந்தக் குறி போட்டால் எட்டு வரும். இங்கே ஒன்று என்று வந்தது. கையைப் பிடித்து இழுக்காத குறையாக என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"அண்ணா, இந்தப் பைத்தான் லாங்வேஜ்ல அந்தக் குறிக்கு வேற வேலை. நீங்க ரெண்டு நட்சத்திரம் போடுங்க" என்றேன். போட்டார், எட்டு வந்தது. விட்டுவிடுவார் என்று பார்த்தால், "வேற வேலைன்னா என்ன வேலைங்க?" என்றார். எனக்குத் தெரிந்தால்தானே! "அது அட்வான்ஸ் கோர்ஸ்ல வரும்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தேன். எங்கள் சென்டரில் அப்படி ஒரு கோர்ஸே கிடையாது என்பது வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்தாலே தெரியும். அவரும் பார்த்திருக்கிறார்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மைன்ஸ்ல லெவல் தப்பா வந்துச்சின்னா நாங்க கருவிய எடுத்து மறுபடி வெச்சிப் பாப்போம் மேடம். நீங்க ஆளையே மேல் கோர்ஸுக்கு அனுப்பிடுறீங்க."

எல்லாருக்கும் முப்பத்திரண்டு

ரெக்கார்டு நோட்டு எழுதிய பாவம் உங்களுக்கும் இருக்கும். வலது பக்கம் கோடு போட்ட தாளில் புரோகிராம், இடது பக்கம் கோடில்லாத தாளில் பென்சிலால் விடை. பத்து புரோகிராம். பரீட்சை அன்று சீட்டு எடுக்க வேண்டும், எந்த நம்பர் வருகிறதோ அதைச் செய்ய வேண்டும். பத்தையும் மனப்பாடம் செய்யச் சொல்லித்தான் நான் பிள்ளைகளைத் தயார் பண்ணுவேன். நாலாம் நம்பர் சீட்டு, பவர். என் போர்டில் அதற்கு விடை எப்போதும் இரண்டும் ஐந்தும், முப்பத்திரண்டும்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த எண்களைத்தான் போட்டார்; நானும் மாற்றவில்லை.

ஒரு வருடம் கடலூரிலிருந்து வந்த எக்ஸாமினர் கொஞ்சம் விவரமானவர். பரீட்சை நடுவில் எங்கள் கம்ப்யூட்டர்கள் வழக்கம்போல் உறைந்து நின்றன. "சரி, புரோகிராமைத் தாள்ல எழுதுங்க, விடையையும் எழுதுங்க" என்று சொல்லி, பவர் வந்த நாலு பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்தார். ஒரு பெண்ணுக்கு மூன்றும் இரண்டும், ஒருவருக்குப் பத்தும் மூன்றும், இப்படி. நாலு பேரும் புரோகிராமை ஒரு புள்ளி பிசகாமல் எழுதினார்கள். விடையும் ஒரு புள்ளி பிசகவில்லை. நாலு தாளிலும் முப்பத்திரண்டு. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். கம்ப்யூட்டர் படிக்க வந்த இருபது வயதுக்காரி முப்பத்திரண்டு என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருந்தாள்.

அன்று அவர்களை உட்காரவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர்கள் நான் கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். எக்ஸாமினர் எல்லோருக்கும் பாஸ் போட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஏன் மேடம், உங்க ஊர்ல எதை எத்தனை தடவை பெருக்கினாலும் முப்பத்திரண்டுதான் வருமா?"

திரை கொள்ளாத விடை

பண்ருட்டியில் முந்திரி மண்டி ஒன்றில் வேலை பார்க்கும் குமரேசன் ஞாயிற்றுக்கிழமை பேட்சுக்கு வந்துகொண்டிருந்தார். சின்ன எண்ணெல்லாம் போட்டு அலுத்துப்போய், ஒருநாள் ஒன்பதையும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும் கொடுத்துவிட்டார். திரை முழுக்க எண்கள். மழைக்கு ஈசல் புறப்பட்ட மாதிரி வரி வரியாக வந்து நின்றது. சுற்றியிருந்த எல்லோரும் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை, ஏதோ நானே பெருக்கின மாதிரி. "பாத்தீங்களா, எவ்வளவு பெரிய விடையா இருந்தாலும் கரெக்டா சொல்லிடும்" என்றேன். குமரேசன் திரையை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "கரெக்டுன்னு நீங்க சொல்றீங்க மேடம், அதுவும் சொல்லுது. ரெண்டு பேர்ல ஒருத்தராவது பெருக்கிப் பாத்தீங்களா?"

கவர் அக்கா

ஸ்டெல்லா அக்கா வந்தது போன வருடம், பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதத்தில். அவருக்கு நாற்பத்தொன்று, எனக்கு முப்பத்தாறு. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வருவார். டவுன்ஷிப்பை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் லேபில் அட்டெண்டர். காலையில் லேபைத் திறந்து, துடைத்து, எல்லா கம்ப்யூட்டரையும் போட்டுவைக்க வேண்டும். சாயங்காலம் அணைத்து, ஒவ்வொன்றுக்கும் துணிக்கவர் போட்டுப் பூட்ட வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் வேலை. ஆனால் அவர் பி.எஸ்சி. கணக்கு படித்தவர். முதல் வகுப்பு. படித்து முடித்ததும் கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு குழந்தை, வீட்டுக்காரருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பி.எட். என்ற பேச்சே எழாமல் போய்விட்டது.

அந்தப் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் எடுத்த டீச்சர் வேலையை விட்டுவிட்டுப் போகவும், ஸ்டெல்லா அக்கா ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போய் "நான் எடுக்கறேங்க" என்று கேட்டிருக்கிறார். அதற்கே எத்தனை நாள் தைரியம் சேர்த்தாரோ. அந்த அம்மாவும் நல்ல மாதிரி. "ஒரு சர்டிபிகேட் வாங்குங்க. ஒரு டெமோ கிளாஸ் எடுங்க. சரியா இருந்தா உங்களையே போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டார். மூன்று மாதம் அவகாசம். அதுவரை கணக்கு டீச்சர் சமாளித்துக்கொள்வார் என்று ஏற்பாடு.

சேர்க்கைப் படிவத்தில் 'எதற்காகப் படிக்கிறீர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லோரும் 'வேலைவாய்ப்பு' என்று எழுதுவார்கள். அவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பதினோரு வருசமா பிள்ளைங்க என்னைய கவர் அக்கா, கவர் அக்கான்னுதான் கூப்டுகினு இருக்குதுங்க மேடம். ஒருவாட்டி மிஸ்ஸுன்னு கூப்டணும். அத எப்டிங்க எழுதறது?"

ஏன் ஒன்று

அவர் மற்றவர்களைப் போல் போர்டைப் பார்த்து அப்படியே எழுதுகிற ஆள் இல்லை. ஒரு வரி எழுதுவார், பேனாவை நிறுத்துவார், யோசிப்பார். பவர் பாடத்தன்று முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. "மேடம், ரிசல்ட்டுல ஏன் ஒண்ணு போடறோம்? இன்னும் எதையுமே பெருக்கலியே" என்றார். அப்போது ஆறு மணி பேட்ச் மாடிப்படியில் ஏறிவரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "அக்கா, அது அப்படித்தான். எழுதிக்கோங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.

மறுநாள் திரும்பவும் வந்தார். வீட்டில் உட்கார்ந்து தாளிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார். "பூஜ்யம் போட்டா கடைசி வரைக்கும் பூஜ்யமேதான் மேடம் வருது. எதால பெருக்கினாலும் பூஜ்யம். அதனால ஒண்ணு போடறோம்னு புரிஞ்சிடுச்சி. ஆனா ரெண்டும் பூஜ்யமும், அதான் டூ பவர் ஜீரோ, குடுத்தா சுத்தே ஓடாம அந்த ஒண்ணுதான விடைன்னு வரும்? ஒரு ரெண்டு கூட இல்லாதப்ப ஒண்ணு எப்டிங்க வரும்?" நல்ல கேள்வி. பதினான்கு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நானும் என்னிடமே அதைக் கேட்டுக்கொண்டதில்லை. 'எனக்கும் தெரியல அக்கா, ரெண்டு பேரும் சேந்து பாப்போம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிடம் ஆகுமா? ஆனால் பக்கத்து மேசைகளில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பி.எஸ்சி. கணக்கு படித்தவர் முன்னால் பி.காம். தலைகுனிவதா என்று ஒரு அற்பத்தனம் வேறு. "நீங்கதான் கணக்கு படிச்சவங்களாச்சே அக்கா, காலேஜ்ல சொல்லித் தந்திருப்பாங்களே?" என்று பந்தை அவர் பக்கமே தட்டிவிட்டேன்.

அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. "சொன்னாங்க மேடம்," என்றார், "அங்கயும் எழுதிக்கத்தான் சொன்னாங்க."

டெமோ

சர்டிபிகேட் வாங்கிவிட்டார். எண்பத்தொன்பது மதிப்பெண், அந்த பேட்சில் அதுதான் அதிகம். டெமோவுக்கு ஒற்றைப்படை இரட்டைப்படை கண்டுபிடிக்கிற சின்ன புரோகிராமை எடுக்கலாம் என்று இருந்தார். நான்தான் கெடுத்தேன். "அது ரொம்பச் சாதாரணம் அக்கா. பவர் எடுங்க. பெரிய பெரிய நம்பரா வந்து நின்னா பிள்ளைங்க வாயப் பொளப்பாங்க. உங்களுக்கும் தலைகீழா மனப்பாடம்" என்றேன். அவர் தயங்கினார். "அந்த ஜீரோ எடம் எனக்கு இன்னும் இடிக்குது மேடம்" என்றார். "ஏழாங்கிளாஸ் பிள்ளை அதெல்லாம் கேக்காது" என்றேன். மூன்று சாயங்காலம் எங்கள் போர்டிலேயே நடத்திப் பார்த்தார். நான் பின்னால் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டே "சூப்பர்க்கா, சூப்பர்க்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

டெமோ முடிந்த அன்று நேராக சென்டருக்கு வந்தார். நல்ல நீலத்தில் கஞ்சி போட்ட காட்டன் புடவை, புதிது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். முதல் இருபது நிமிடம் நன்றாகப் போயிருக்கிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு எண் சொல்ல, இவர் தட்ட, விடை வர, ஒரே கைதட்டல். ஹெட்மிஸ்ட்ரஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே குறிப்பு எழுதினாராம். அப்போது இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, டூ பவர் ஜீரோ போடச் சொல்லியிருக்கிறாள். போட்டார். ஒன்று வந்தது. "ஒரு ரெண்டு கூடப் பெருக்கலியே, ஒண்ணு எங்கேருந்து வந்துச்சி?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே இவரைப் பார்க்கிறது. "யோசிக்கவே இல்ல மேடம். டக்குனு வாயில அதான் வந்துச்சி. அது அப்படித்தான், எழுதிக்கோங்கன்னுட்டேன்." கடைசி பெஞ்சில் ஹெட்மிஸ்ட்ரஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு நோட்டை மூடினாராம்.

வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது. அவர் என்னைக் குற்றம் சொல்வார், நாலு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் நினைப்பெல்லாம் வேறெங்கோ இருந்தது. புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டே சொன்னார்: "மிஸ்ஸுன்னு கூப்ட்டுதான் மேடம் அந்தப் பொண்ணு கேட்டுச்சி."

ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் ஒரு டீ

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கே போய்விட்டேன். என் மேல்தான் தப்பு, அந்த வார்த்தை அவருடையது இல்லை, என்னுடையது, இன்னொரு வாய்ப்பு கொடுங்கள் என்று சொல்லிவிடுவதாகத் திட்டம். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் மரியாதையாக உட்காரவைத்து டீ வரவழைத்தார். கம்ப்யூட்டர் சென்டர் மேடம் என்றதும் அவர் முகத்தில் வந்த மரியாதையை இழக்க மனமில்லாமல், மனப்பாடம் செய்துகொண்டு போன வரியையெல்லாம் விழுங்கிவிட்டேன். "ஸ்டெல்லா அக்கா நல்லாப் படிக்கிறவங்க, இன்னொரு டெமோ குடுத்துப் பாக்கலாமே மேடம்" என்று மட்டும் கேட்டேன்.

அவர் மூடிவைத்த அந்த நோட்டைத் திறந்து பார்த்தார். "ஸ்டெல்லாவ எனக்குப் பதினோரு வருஷமாத் தெரியும். அவங்களப் போடணும்னுதான் எனக்கும் ஆசை" என்றார். "ஆனா டெமோ பாத்து நாலு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. பண்ருட்டிலேருந்து ஒரு பொண்ணு நல்லா எடுத்தா, ஆர்டர் குடுத்துட்டோம். ஸ்டெல்லாவுக்கு விடை தெரியலங்கறதுக்காக இல்ல. எங்க கணக்கு டீச்சரைக் கேட்டாலும் அந்த இடத்துல கொஞ்சம் முழிப்பாங்க." நான் டீயை ஒரு வாய் குடித்தேன். இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆர்டர் மாறாது என்றாலும், அந்த அம்மா மனதில் ஸ்டெல்லா அக்காவைப் பற்றிய எண்ணமாவது மாறியிருக்கும். டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் இருந்தது.

வாசல் வரை வந்து வழியனுப்பினார். அப்போது குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் இன்றுவரை காதில் கிடக்கிறது: "'எனக்கும் தெரியலப்பா, நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்'னு சொல்லியிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன் மேடம். கேள்வி கேட்ட குழந்தைய உக்கார வைக்கிறதுக்கு இவங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தாங்களோ!"

அணைக்கப் போன இடத்தில்

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் ஸ்டெல்லா அக்கா சென்டர் பக்கம் வரவில்லை. வர என்ன இருக்கிறது? கடைத்தெருவில் ஓரிரு முறை தூரத்தில் பார்த்தேன். நான் காய்கறிக் கடைக்குள் நுழைந்து ஒளிந்துகொண்டேன், கத்தரிக்காய் வாங்குகிற ஆள் போல. போன மாதம் ஒருநாள் நாலு மணிக்கு அவரே மாடி ஏறி வந்தார். கையில் பழைய ரெக்கார்டு நோட்டு. என் மேசையில் வைத்துக் கடைசித் தாளைத் திறந்தார். பென்சிலால் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருந்தது: 32, 16, 8, 4, 2.

பண்ருட்டியிலிருந்து வந்த புது டீச்சர், இரண்டுக்குப் பவரை ஐந்திலிருந்து ஒன்று வரை இறக்கிப் போடச் சொல்லியிருக்கிறார். மணி அடித்ததும் பிள்ளைகள் அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். சாயங்காலம் அணைக்கப் போன ஸ்டெல்லா அக்கா, கையில் கவரோடு திரையைப் பார்த்திருக்கிறார். "மேலேருந்து கீழ படிச்சிகினே வந்தேன் மேடம். ஒரு பவர் கொறைய கொறைய விடை பாதியாவுது. முப்பத்திரண்டுல பாதி பதினாறு, அதுல பாதி எட்டு, நாலு, ரெண்டு. டூ பவர் ஒண்ணு, ரெண்டு. இன்னும் ஒரு படி எறங்குனா ஜீரோ. ரெண்டுல பாதி?" என்று நிறுத்தி என்னைப் பார்த்தார். ஒன்று. அவ்வளவுதான். யாரும் எங்கிருந்தும் கொண்டுவந்து போடவில்லை. வரிசையில் அதற்கு அந்த இடம் முதலிலிருந்தே இருக்கிறது. மூன்றால் வகுத்துக்கொண்டே வந்தாலும், பத்தால் வகுத்துக்கொண்டே வந்தாலும், கடைசிப் படியில் அதே ஒன்றுதான். இவ்வளவு எளிதானதைப் பதினான்கு வருடம் மூடிவைத்திருக்கிறேன்.

"அக்கா, எனக்கு அன்னைக்கித் தெரியாது. தெரியாதுன்னு சொல்லாம உங்கள ஏமாத்திட்டேன். உங்க வேலை என்னாலதான் போச்சு" என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். எட்டு மாதம் தாமதம். "அது எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம், நீங்க கடியாரத்த பாத்தப்பவே" என்றார், வெகு சாதாரணமாக. எனக்குத் தலை நிமிரவில்லை. எதையாவது செய்துவிட வேண்டும் போலிருந்தது. "வாங்கக்கா, நாளைக்கே உங்க ஸ்கூலுக்குப் போயி டெமோல கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பர்மிஷன் கேக்கறேன்" என்றேன். அவர் நோட்டை மெதுவாக மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கிளம்பும் முன் சொன்னார்: "அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆயி, வூட்டக் காலி பண்ணிகினு போயிட்டாங்க மேடம். எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல. அது இன்னமும் நான் சொன்னதத்தான் எழுதி வெச்சிகினு இருக்கும்."

ஆக, பதிலைக் கண்டுபிடித்தவர் நாளைக்கும் சாயங்காலம் கம்ப்யூட்டருக்குக் கவர் போடுவார். தெரியாமலே காலம் தள்ளிய நான் ஆறு மணி பேட்சுக்கு மேடமாகவே இருப்பேன்.